யோகத்தின் வீடும் ஒரு கலியாண ஒப்பந்தமும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், ஒருவன் என் தமக்கை விட்டுவிட்டுப் போன மகன். ஐந்து பேரும் கலியாணம் முடித்து அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். அதில் மூன்று கலியாணம் நான் பேசியது, மற்ற இரண்டும் அவர்களே பேசிக்கொண்டது. இரண்டு விதமும் ஒன்றுபோலத்தான் ஓடுகிறது.

என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. என் எழுத்து வரிக்கு வரி ஏறி இறங்கும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் வேண்டும். ஆனாலும் என்னுடைய தொழிலைப் பற்றி நான்தான் எழுதுவேன், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் தேவையில்லை.

தொழில் என்றால் கலியாணம் பேசுவது. பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அதை நான் தொழில் என்று சொல்வதில்லை, அது சம்பளம். ரொறன்ரோவில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் கலியாணம் பேசுகிற பூமணி. முழங்கால் ஏலாமல் போனபிறகு விட்டுவிட்டேன்.

இப்போது இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் போனிலேயே எல்லாவற்றையும் பேசி முடிக்கிறார்கள். அப்படி ஒருத்தி அண்மையில் என்னைக் கூப்பிட்டாள்.

“அன்ரி, பெண் பகுதி சாதகம் அனுப்ப முதலே, கலியாண ஒப்பந்தம் எழுதச் சம்மதமோ எண்டு கேக்கினம். பெரிய காசுக்காரரும் இல்லை. சாதாரணச் சனத்துக்கு உது தேவையோ? நான் என்னெண்டு சொல்லுறது?”

தேவை, தேவையில்லை என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில். நாங்கள் இருந்த கட்டடத்தில், எங்களுக்கு மேல் மாடியில் ஒரு மாஸ்டர் இருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். அந்த நாளில் தனியாக வந்த பெடியன்கள் ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் படுத்தார்கள். பெண் பேசித் தரச் சொல்லி மாஸ்டரிடம்தான் வருவார்கள். வீடுகளுக்குப் போனால் மாஸ்டர் முன்னறையில், ஹோலில் இருந்து கதைக்க வேண்டும், ஆம்பிளை பெண்கள் சமைக்கிற குசினிக்குள் போக முடியாது. உண்மையான கதை குசினியில்தான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஹோலில் இருப்பார், நான் குசினியில் நிற்பேன். பழகின வருஷங்களைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. பஸ் ஏறினேன், நின்றேன், கேட்டேன்.

மாஸ்டரின் விதம் தனி. முதல் தரம் போகிற வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பார். “தேத்தண்ணியும் பலகாரமும் வாய்க்குள்ளை போனால், பிறகு கேக்க வேண்டியதைக் கேக்க வாய் வராது, பூமணி” என்பார். நல்ல பெடியன், நல்ல குடும்பம் என்று நான் சொன்னால் கையைக் காட்டி நிறுத்துவார். “நல்லது எண்டது சொல்லோ? காலமை எத்தினை மணிக்கு எழும்புறான், தாயோடை எப்பிடிக் கதைக்கிறான், கோபம் வந்தால் கதவை அடிக்கிறானோ, வாயை மூடுறானோ. அதைச் சொல்லும்.”

அவர் எனக்குப் போட்ட கட்டளைகளில் இரண்டை எழுதுகிறேன், இந்தக் கதைக்கு அவை வேண்டும். ஒன்று, ஒரு குசினியில் கேட்டதை எந்த ஹோலிலும் வாய் திறந்து சொல்லக் கூடாது. மற்றது, சீதனக் கதையை இரண்டு பகுதியையும் ஒரே அறையில் இருத்தி, சத்தமாகப் பேச வேண்டும். இந்த வீட்டில் கொஞ்சம், அந்த வீட்டில் கொஞ்சம் என்று காவித் திரியக் கூடாது. “இப்ப முகத்துக்கு முன்னாலை சண்டை பிடிக்கட்டும். பிறகு பிடிக்கிற சண்டைக்கு நாங்கள் போகேலாது” என்பார்.

இனி அந்தச் சம்பந்தத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. மாஸ்டர் தளர்ந்துவிட்டார், நான்தான் முன்னுக்கு நின்றேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பெண் மதுரா, மருத்துவமனையில் நேர்ஸ். தகப்பன் அவளுடைய சின்ன வயதிலேயே இறந்துபோனார். தாய் யோகம், என்னோடு பெட்டி அடுக்கியவள். அவள் ஒரு வாழ்நாள் உழைப்பில் நகரத்தின் ஓரத்தில் ரூஜ் பக்கம் ஒரு வீடு வாங்கியிருந்தாள். பெரிய வீடு இல்லை. மேலே மகள், கீழே பேஸ்மென்றில் யோகம். மேலே குளிர் என்பாள், கீழே இருந்தால் சாமியறை பக்கத்தில் என்பாள், ஏதோ ஒரு காரணம். அவளுக்கு அந்த பேஸ்மென்றை விட வேறு இடம் பிடிக்காது.

மாப்பிள்ளை கஜன், இங்கே பிறந்தவன், ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் வேலை. தகப்பன் சிவபாதம், தாய் மலர். அதே நகரத்தில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் கண்டு கதைத்துப் பிடித்துப் போயிருந்தது. சாதகமும் பொருந்தியது. இரண்டு பகுதியும் கூடி இருந்த முதல் இருப்பிலேயே பேச்சு முடிந்தது. ரூஜ் வீட்டை மதுராவின் பெயருக்கு மாற்றிச் சீதனமாகக் கொடுப்பது, யோகம் பேஸ்மென்றில் இருப்பது. எல்லாருக்கும் சம்மதம்.

அன்றைக்கு நான் வழக்கம்போல மலரின் குசினியில் நின்றேன். மலர் தேங்காய் துருவிக்கொண்டு தன்னுடைய சீதன வீட்டைப் பற்றிச் சொன்னார். ஊரில் தகப்பன், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசைக் கூட்டிவந்து, கலியாணத்துக்கு முந்தின கிழமை உறுதி எழுதிக் கொடுத்த வீடு. பின்னால் நடந்ததையும் சொன்னார். அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வீட்டைப் பெயர் மாற்ற யோகமும் மகளும் ஒரு லோயரிடம் போனார்கள். எங்கள் சனத்துப் பிள்ளைதான், தமிழ் கதைக்கிற பெண். போய் வந்த கையோடு யோகம் என் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை, கதவடியிலேயே நின்றாள்.

“அக்கா, சீதனமாய்க் குடுத்தால் வீடு பிள்ளையின்ர தானே?”

“ஓம், பிள்ளையின்ர தான்.”

“இஞ்சை அப்பிடி இல்லையாம். கலியாணம் முடிச்சு ரண்டு பேரும் அந்த வீட்டிலை குடியிருந்தால், பிறகு பிரிஞ்சால், வீட்டின்ர பெறுமதியிலை பாதி மற்ற ஆளுக்குப் போற கணக்காம். ஆர் குடுத்தது, ஆற்ற பேரிலை இருக்குது எண்டதெல்லாம் பாக்க மாட்டினமாம். அந்தப் பாதியைக் குடுக்க வீட்டை விக்கவும் வேண்டி வரலாமாம்.”

“ஆர் பிரியப் போகினம், யோகம்?”

“எனக்குத் தெரியாதக்கா. உங்களுக்குத் தெரியுமோ?”

எனக்கும் தெரியாது. நான் பேசிய கலியாணங்களில் எது நிற்கும், எது போகும் என்று நான் முன்கூட்டி நினைத்தது பெரும்பாலும் பிழையாய்ப் போயிருக்கிறது.

ஊரில் எங்களுக்குத் தெரிந்த நடைமுறை வேறு. சீதனமாக எழுதின காணியும் வீடும் பெண்ணுடையது. புருஷன் இருந்தாலும் போனாலும் அவளுடையது. அந்த நினைப்பைக் கப்பலில் ஏற்றியதுபோல அப்படியே இங்கே கொண்டு வந்து, பெண்ணின் பெயரில் எழுதினால் போதும் என்று எத்தனை தாய் தகப்பன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது எங்கள் சனம் மட்டும் விடுகிற பிழை. சட்டம் அதைப் பிழை என்றுகூடச் சொல்வதில்லை, தன் பாட்டில் பிரிக்கிறது.

“அப்ப பேரை மாத்தாமல் உன்ர பேரிலையே விடன்” என்றேன்.

“ஏலாதக்கா. நான் வேலையாலை நிக்கப் போறன். வீட்டுக் கடன் இன்னும் கிடக்குது. வங்கிக்காரன் என்னை நம்பி இனி மோர்கேஜைப் புதுப்பிச்சுத் தரான், பிள்ளையின்ர சம்பளத்துக்குத்தான் தருவான். அதோடை அவையளுக்கு வாக்குக் குடுத்திட்டம். லோயர் ஒரு வழி சொன்னா. கலியாணத்துக்கு முதல் ரண்டு பேரும் ஒப்பந்தம் எழுதலாமாம், வீட்டின்ர பெறுமதி மதுராவுக்கு எண்டு.” பிறகு சொன்னாள். “கேட்டால் சம்பந்தம் முறியும். கேக்காட்டில் நான் நித்திரை கொள்ள மாட்டன்.”

மறுநாள் மாஸ்டரிடம் போனேன். முதியோர் கட்டடத்தில் சின்ன அறை, யன்னலோரம் கதிரை. முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். முறிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“முறியிறது எங்கட நட்டம். சொல்லாமல் விடுறது யோகத்தின்ர நட்டம். எது பெரிசு?” என்றார். பிறகு, “இருப்பு வையும். நானும் வாறன். அவையளிட்டைப் போனிலை ஒண்டும் சொல்லாதையும்” என்றார்.

வெக்ஸ்போர்ட் வீட்டில் எல்லாரும் கூடினோம். யோகம் ஒரு கதிரையின் விளிம்பில் இருந்தாள். மதுரா வேலையில். கஜன் மேலே அறையில். அழைப்பிதழ் அடிப்பதைப் பற்றிக் கதைக்க வந்ததாகச் சிவபாதம் நினைத்திருந்தார், எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியையும் மேசையில் வைத்திருந்தார். மாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. சட்டம் இப்படி, யோகம் கேட்பது இப்படி என்று பாடம் சொல்வதுபோலச் சொல்லி முடித்தார்.

சிவபாதத்தின் முகம் மாறியது.

“மாஸ்டர், உதென்ன கதை? தாலி கட்ட முதலே பிரியிறதுக்கு எழுதுறதோ? எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் பிரிஞ்சதில்லை.”

“பிரியச் சொல்லி நான் கேக்கேல்லை அண்ணை” என்றாள் யோகம். “நான் இருக்கிற இடத்தைத்தான் கேக்கிறன்.”

“உங்களை ரோட்டிலை விடுற ஆக்களோ நாங்கள்?”

“நீங்கள் விடமாட்டியள். சட்டம் விட்டிடுமெண்டு லோயர் சொல்லுறா.”

“என்ர மகன் என்ன கள்ளனோ, கையெழுத்து வாங்கிறதுக்கு? உது காசுக்காரரும் படத்திலை நடிக்கிறவையும் எழுதுற சாமான். எங்களைப் போல சாதாரண ஆக்களுக்கு ஏன்?”

யோகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “காசுக்காரருக்கு ஒரு வீடு போனால் இன்னொரு வீடு இருக்கும் அண்ணை.”

சிவபாதம் அழைப்பிதழ் மாதிரியை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது எனக்கு விளங்கியது. சம்பந்தம் முறிகிற நேரத்தில் ஆட்கள் இப்படித்தான் எதையாவது எடுத்து உள்ளே வைப்பார்கள்.

குசினி வாசலில் மலர் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில். அவர் எனக்குச் சொன்ன சீதன வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. அதை நான் எடுத்துச் சொல்லியிருந்தால் பேச்சு அந்த நிமிஷமே திரும்பியிருக்கும். ஆனால் அது குசினிக் கதை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கஷ்டமான நிமிஷம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மாஸ்டருக்கு அந்தக் கதை தெரியாது. நான் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்திச் சும்மா சுற்றிப் பார்த்தார். “தங்கச்சி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை” என்றார்.

பேச்சு நடக்கிற ஹோலில் ஆம்பிளைகள் அப்படி மாப்பிள்ளையின் தாயைக் கேட்பதில்லை.

“அவவுக்கு உது விளங்காது மாஸ்டர்” என்றார் சிவபாதம்.

மலர் தட்டை மேசையில் வைத்தார். “ஏன் விளங்காது?” என்றார். “எனக்கும் கலியாணத்துக்கு முதல் எழுதினவை. அப்பு நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கட விறாந்தையிலை மேசை போட்டு எழுதினவர். நீங்களும் உங்கட அப்பாவும் பக்கத்திலை இருந்து பாத்தனீங்கள். அப்ப அவமானமாய் இருக்கேல்லையோ?”

“அது சீதன உறுதி. அது வேறை.”

“என்ன வேறை? வெளிநாட்டுக்கு வர அந்த வீட்டை வித்துத் தா எண்டு நிண்டனீங்கள். நான் மாட்டன் எண்டன். என்ர பேரிலை எழுத்து இருந்தபடியால்தான் என்னாலை மாட்டன் எண்டு சொல்ல ஏலுமாய் இருந்தது. பிறகு இடம்பெயர்ந்து வந்து உங்கட அப்பாவும் அம்மாவும் கடைசி மட்டும் ஆற்ற வீட்டிலை இருந்தவை? சொல்லுங்கோ. ஆற்ற வீட்டிலை?”

ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

சிவபாதம் குரலை இறக்கினார். “உன்ர அப்பு எழுதினவர்தான். ஆனால் அவர் என்னட்டைக் கையெழுத்துக் கேக்கேல்லை.”

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஊரில் மாப்பிள்ளையிடம் எதையும் விட்டுத் தரும்படி கேட்பதில்லை, சட்டமே பார்த்துக்கொள்ளும். இங்கே மாப்பிள்ளையே கையெழுத்து வைக்க வேண்டும். அவருக்கு நொந்தது அந்த இடம்தான்.

“கேட்டிருந்தால்?” என்றார் மலர். “வைச்சிருக்க மாட்டியளோ?”

இத்தனை நேரமும் கஜன் மாடிப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இறங்கி வந்தான்.

“அப்பா, ஐ டோன்ற் மைன்ட். அது அன்ரியின்ர வீடு தானே. நான் வாங்கினதில்லையே.” பிறகு யோகத்தின் பக்கம் திரும்பினான். “பட் அன்ரி, கலியாணத்துக்குப் பிறகு மோர்கேஜ் நானும் கட்டுவன். ட்வென்ரி இயேர்ஸ் கட்டிப்போட்டு எனக்கு ஒண்டும் இல்லை எண்டால் அதுவும் சரியில்லைத்தானே?”

“சரியில்லைத் தம்பி” என்றாள் யோகம் உடனே. “அது எனக்கு யோசனை வரேல்லை.”

மாஸ்டர் அப்போதுதான் தேத்தண்ணியை எடுத்தார். கலியாண நாளில் வீடு என்ன பெறுமதியோ அது மதுராவுடையது, அதற்குப் பிறகு இருவரும் கட்டி ஏற்றுவது இருவருக்கும் பாதி. அந்த அறையில் அப்படிப் பேசி முடிந்தது. சிவபாதம் மட்டும் சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை வெளியே எடுக்கவில்லை.

லோயரிடம் போன நாள் இன்னொரு கூத்து. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே வான் வண்டியில் போனோம், ஊரில் நொத்தாரிசிடம் போவதுபோல. அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டுக் கதிரை போதாது என்று சிரித்தாள். பிறகு கஜனிடம் சொன்னாள். “உங்களுக்கு நான் எழுதேலாது. நீங்கள் வேற ஒரு லோயரைப் பாக்க வேணும்.”

சிவபாதத்துக்குத் திரும்பவும் ஏறிவிட்டது. “ஏன் பிள்ளை? ஊரிலை ஒரு நொத்தாரிசுதான் ரண்டு பகுதிக்கும் எழுதுறவர். நாங்கள் என்ன எதிரிகளோ?”

“எதிரி இல்லை அங்கிள். நாளைக்கு ஒரு நேரம் உங்கட மகன் எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை எண்டு சொன்னால் இந்த ஒப்பந்தம் நிக்காது. அவருக்காகக் கதைக்க ஒரு ஆள் இருக்க வேணும். அதுக்குத்தான்.”

கலியாணக் கிழமையில் அவசரத்தில் வைக்கிற கையெழுத்தும் நிற்காமல் போகலாம் என்றாள், கட்டாயப்படுத்தினார்கள் என்று பிறகு சொல்ல இடம் இருக்கிறதாம். சொத்தோ கடனோ எதையும் மறைக்கக் கூடாது என்றாள். அந்த வீட்டில் குடியிருக்கிற உரிமையை எழுத்தால் பறிக்க முடியாது, பெறுமதி யாருக்கு என்பதைத்தான் எழுதலாம் என்றாள். இந்த விபரங்களை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கேட்டுவைத்தால் நல்லது. ஆனால் நாங்கள் தரகர். சொல்ல வேண்டியது லோயர்.

யோகம் கையை உயர்த்தினாள். “குடிச்சிட்டு வந்தால் வீட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டும் ஒரு வரி எழுதுவியளோ?”

“நான் குடிக்கிறேல்லை அன்ரி” என்றான் கஜன்.

“அப்ப எழுதினால் உமக்கென்ன?”

சிவபாதம் விடவில்லை. “அப்பிடியெண்டால் வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் சமைக்கக் கூடாது எண்டும் எழுதுங்கோ.”

அந்தப் பெண் பேனையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் ஆடியது. “இது சொத்துக்கு எழுதுறது அங்கிள். சமையலுக்கு நீங்கள் மருமகளோடைதான் கதைக்க வேணும்.” அன்றைக்கு எல்லாரும் சிரித்தது அந்த இடத்தில்தான். சிவபாதமும் சிரித்தார்.

மாப்பிள்ளையோடு எழுதுகிற ஒப்பந்தம் மட்டும் யோகத்துக்குப் போதாது. வீடு மகளின் பெயருக்குப் போன பிறகு, யோகம் உயிரோடு இருக்கும்வரை பேஸ்மென்றில் இருக்கலாம் என்று மகளோடும் தனியாக எழுத வேண்டும் என்றாள் லோயர். மதுராவுக்கு அது பொறுக்கவில்லை. எலிவேற்றரில் இறங்கும்போது அழுதாள்.

“அம்மா, என்னையுமோ நம்பேல்லை?”

“உன்னை நம்புறன். எழுத்தையும் நம்புறன். ரண்டும் இருக்கட்டும்.”

இதுவரை மாப்பிள்ளை பகுதிதான் கோபித்தது. உள்ளபடி எழுத்துக்கு அழுதது பெண். அதையும் எழுதி வைக்கிறேன், ஒப்பந்தம் எழுதுவது லேசான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எழுதினார்கள். ஆவணி மாதம் கலியாணம் நடந்தது. மழை பெய்தது, சாப்பாடு காணும் காணும் என்று மிஞ்சியது. மாஸ்டர் அதற்கு அடுத்த வருஷம் காலமாகிவிட்டார்.

மதுராவும் கஜனும் சில வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு பிரிந்தார்கள். பிள்ளை இல்லை. ஏன் பிரிந்தார்கள் என்று எனக்குத் தெரியும், குசினியில் கேட்டது, எழுத மாட்டேன். ஒருவரும் ஒருவரை அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை என்று மட்டும் சொல்லலாம். கோடு கச்சேரி, வழக்கு என்று ஒன்றும் நடக்கவில்லை. வீட்டைப் பற்றிக் கதைக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை, முன்பே கதைத்திருந்தார்கள். சேர்ந்து கட்டியதில் அவனுடைய பாதியை மதுரா கொடுத்தாள். வீடு நின்றது. யோகம் பேஸ்மென்றில் இருந்தாள்.

அந்தக் கிழமை சிவபாதம் என்னைப் போனில் கூப்பிட்டார். கத்தவில்லை, களைத்த குரல்.

“பூமணி, நீங்கள் எல்லாரும் சேர்ந்து பிரியிறதுக்கு எழுதி வைச்சியள். எழுதினபடி நடந்தது.”

“எழுதாமல் பிரிஞ்ச ஆக்களையும் எனக்குத் தெரியும் அண்ணை.”

“அது உங்கட கணக்கு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னது பிழை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு எழுத்து இருக்கிறது என்று தெரிந்த இரண்டு பேருக்குப் பிரிந்து போவது கொஞ்சம் லேசாகத் தோன்றியிருக்குமோ? தோன்றியிருக்கலாம். லேசாக இல்லாதபடியால் மட்டும் சேர்ந்திருக்கிற வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே தண்ணீர்கூட இறங்காது.

பிறகு ஒருநாள் யோகத்தைப் பார்க்கப் போனேன். மணி அடித்தேன். கதவைத் திறந்தது கஜன். நான் நிமிர்ந்து வீட்டு இலக்கத்தைப் பார்த்தேன்.

“வாங்கோ அன்ரி. பயப்பிடாதேங்கோ, நான் திரும்பி வரேல்லை.”

உள்ளே யோகம் மேற்சட்டை போட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். கண் மருத்துவரிடம் போகிற நாள். மதுராவுக்கு வேலை, லீவு எடுக்க முடியவில்லை, அவள்தான் அவனைக் கேட்டிருக்கிறாள். அவன் குசினி மேசையில் இருந்து புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று யோகம் போட்டாள், காணும் என்று அவன் கையால் மறித்தான்.

“மருமோன் எண்டு இனிக் கூப்பிடேலாது. தம்பி எண்டு கூப்பிடுறன்” என்றாள் யோகம்.

“முந்தியும் தம்பி எண்டுதான் கூப்பிட்டனீங்கள்” என்றான் அவன். “எனிவே அன்ரி, லேற்றாகுது, வெளிக்கிடுங்கோ.”

படியில் யோகத்தின் கையைப் பிடித்து இறக்கிக் காரில் ஏற்றினான். அந்த வீட்டின் பாதியைக் கேட்டு ஒரு வழக்கு நடந்திருந்தால் அவன் அந்த வாசற்படியில் கால் வைத்திருப்பானோ தெரியாது. யோகத்துக்கும் அந்தப் படி இருந்திருக்குமோ தெரியாது.

போனில் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். எல்லாருக்கும் தேவையென்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு கார் என்று தொடங்கினால் அவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது? கலியாணச் சாப்பாட்டைக் கொஞ்சம் பெருப்பிக்கலாம். ஆனால் ஒரு பகுதி ஒரு வீட்டோடு வந்து, அந்த வீட்டில் போக இடமில்லாத ஒரு ஆள் இருந்தால், எழுதச் சொல். முதல் கலியாணத்துப் பிள்ளைகள் இருந்தாலும் எழுதச் சொல். அவர்கள் காசுக்காரராக இருக்கத் தேவையில்லை. ஒரு வீடு மட்டும் உள்ளவர்கள்தான் அதை எழுத வேண்டியவர்கள். சொல்லும்போது இரண்டு பகுதியையும் ஒரே அறையில் இருத்திச் சொல். மாப்பிள்ளையின் தாய்க்கும் கதிரை போடு.

நான் பேசிய கலியாணங்களில் ஒழுங்காகப் பேசியவை எவை என்று கேட்டால், இதையும் சேர்த்துத்தான் சொல்வேன். முறிந்ததுதானே என்பார்கள். முறிந்தது. ஒழுங்காகப் பேசியதும் உண்மை.

இதை எழுதலாமோ என்று யோகத்திடம் கேட்டேன். “எழுதுங்கோ அக்கா” என்றாள். “ஆனால் அந்தப் பெடியனைப் பிழையான ஆளாய் எழுதிப்போடாதேங்கோ. வாசிக்கிறவை, பிரிஞ்சவன்தானே எண்டு நினைப்பினம்.”

அதனால் ஆரணி, இஞ்சை வந்து இரு. நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன பேத்தி, உனக்கு என்ர எழுத்து ஓடும். முதலிலை இருந்து சத்தமாய் வாசி. எழுத்துப்பிழையை எனக்குச் சொல்ல வேண்டாம். வாசிச்சு முடிய, கஜனிலை உனக்குக் கோபம் வருகுதோ எண்டதை மட்டும் சொல்லு. வந்தால் நான் திருப்பி எழுத வேணும்.